பொட்டு பொட்டாகப் பற்றவைப்பது: பழைய மாருதியின் தரைத்தகடு

தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளம். கொடியில் காயப்போட்ட துணியே பிசுபிசுக்கும் ஊரில் தகடு மட்டும் எப்படித் தப்பிக்கும்? எங்கள் வீட்டில் நிற்பது அப்பா வாங்கிய 1997 மாருதி 800. ஒருநாள் டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டையும் விலக்கிப் பார்த்தேன். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். அது பாட்டுக்கு உள்ளே இறங்கி, கீழே சிமெண்டுத் தரையில் போய் முட்டியது.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கடையில் ஆர்க் வெல்டிங் மெஷின் எப்போதும் உண்டு. கேட், ஸ்டாண்டு, மோட்டார் பேஸ் என்று பற்றவைத்துப் பழகிய கை. அந்தத் தைரியத்தில்தான் காரைத் தொட்டேன். என் வண்டியின் தரைத்தகட்டை வெர்னியரில் அளந்தால் 0.8 மில்லிமீட்டர். 2.5 மில்லி ராடு போட்டு, ஆம்பியரை முடிந்த மட்டும் குறைத்துத் தொட்டதும் எட்டணா அளவுக்கு ஓட்டை. அதை அடைக்கப் போனதில் அது ஒரு ரூபாய் அளவுக்கு விரிந்தது. கனமான ஆங்கிளில் போதுமான சூட்டை ஏற்றுவதுதான் வேலை. கார்த் தகட்டிலோ ஏறிய சூட்டை ஆறவிடுவதுதான் வேலை. இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், சீட் மாட்டும் இடம், சஸ்பென்ஷன் தாங்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடம் இவையெல்லாம் விபத்தில் உயிரைத் தாங்குபவை. புதிதாகக் கற்பவர் இவற்றில் கை வைக்க வேண்டாம். ஏர்பேக் உள்ள புதிய வண்டிகளிலும் வேண்டாம். அவற்றில் பல இடங்களில் அதிக வலுவுள்ள எஃகு இருக்கிறது, சூடுபட்டால் அந்த வலு போய்விடும். கால் வைக்கும் தரை, டிக்கியின் தரை, ஃபெண்டரின் கீழ்முனை, பேட்டரி வைக்கும் தட்டு ஆகியவைதான் பழகுவதற்கான இடங்கள். என் வண்டியில் ஓட்டை விழுந்தது தரையின் நடுவில், சீட் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதனால் துணிந்தேன்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். வெறும் ஆர்க் மெஷின் மட்டும் இருந்தால் கார்த் தகட்டில் இறங்காதீர்கள். 2 மில்லி ராடு வைத்துச் செய்யும் தேர்ந்த கைகள் உண்டு, ஆனால் கற்றுக்கொள்ளும்போது அது சாத்தியமில்லை. வீட்டு 230 வோல்ட்டில் ஓடும் சின்ன மிக் இன்வெர்ட்டர் ஒன்று வேண்டும், அதாவது ராடுக்குப் பதில் மெல்லிய வயர் தானாக வந்து உருகும் வெல்டிங் மெஷின். அதில் இரண்டு வழி. கேஸ் இல்லாமல் ஓட்டும் ஃபிளக்ஸ் வயர் ஒன்று, சிலிண்டரோடு ஓட்டும் சாதா வயர் இன்னொன்று. நான் முதலில் சிலிண்டர் செலவுக்குப் பயந்து ஃபிளக்ஸ் வயரில்தான் ஆரம்பித்தேன். வேலை நடக்கும், ஆனால் பொறி அதிகம், கசடு தட்ட வேண்டும், மெல்லிய தகட்டில் சுலபமாக ஓட்டை போடும். பிறகு 0.8 மில்லி சாதா வயருக்கும் கேஸுக்கும் மாறினேன். ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த சிலிண்டர் கிடைத்தால் அதுவே தகட்டுக்கு நல்லது, பொட்டு (ஒரே தொடுதலில் உருகி விழும் வெல்டிங் புள்ளி) மென்மையாக விழும். தனிக் கார்பன் டை ஆக்சைடிலும் ஓட்டலாம், கொஞ்சம் கூடுதலாகப் பொறி தெறிக்கும். நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். 0.6 வயர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள், தகட்டுக்கு இன்னும் தோதானது.

ஒன்றை மறக்கவே கூடாது: பிளஸ், மைனஸ். கேஸோடு சாதா வயர் ஓட்டும்போது டார்ச் (வயர் வெளியே வரும் கைப்பிடி) பிளஸில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் மைனஸில். இது தெரியாமல் நான் முதல் நாள் முழுக்க மாற்றிப் போட்டு ஓட்டினேன். பொறி மழையாகக் கொட்டியது, பொட்டு தகட்டின் மேல் மணி மணியாக உட்கார்ந்ததே தவிர ஒட்டவில்லை. மெஷினின் வயர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் உள்பக்கம் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதை முதலில் படியுங்கள்.

கரண்டும் என் தொழில் என்பதால் ஒரு வார்த்தை. 15 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். இருக்கட்டும். அதைச் சுருளாக வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யாதீர்கள், சுருளுக்குள் சூடு அடைபட்டு வயர் இளகிவிடும். முழுக்க அவிழ்த்துத் தரையில் போடுங்கள். ஈரத் தரையில் வேலையே வேண்டாம்.

மற்ற சாமான்கள்: ஏஜி4 எனும் நாலு அங்குலக் கிரைண்டர், அதில் மாட்டி வெட்டக் கட்டிங் வீல், தேய்க்க ஃபிளாப் டிஸ்க், கம்பி பிரஷ், தகடு வெட்டும் கத்திரி, நாலைந்து கிரிப் பிளையர், சின்னச் சுத்தியல், டிரில். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் ஒன்று, 10-ஆம் நம்பர் ஷேடில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் கையுறை, மூடிய ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை. நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு தாமிரத் துண்டு. ஏ.சி. மெக்கானிக்கிடம் வாங்கிய பழைய தாமிரக் குழாயைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். தகட்டுக்குப் பின்னால் இதை அழுத்திப் பிடித்தால் சூட்டை இது உறிஞ்சிக்கொள்ளும், உருகிய இரும்பு இதில் ஒட்டாது. ஓட்டை விழாமல் காப்பாற்றியதில் பாதிப் பங்கு இந்தத் துண்டுக்குத்தான்.

ஹெல்மெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். "ஒரே ஒரு பொட்டுதானே" என்று முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று பொட்டு வைத்தேன். இமை கொஞ்சம் திறந்தாலும் அந்த வெளிச்சம் விடாது. இரவு பதினோரு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல், தண்ணீராகக் கொட்டியது, படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உருளைக்கிழங்கை வெட்டி வை, பால் விடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையும் கண்ணில் விடாமல் காலையில் கண் மருத்துவரிடம் போனேன், சொட்டு மருந்து தந்தார். அன்றிலிருந்து பக்கத்தில் யார் நின்றாலும் "கண்ணைத் திருப்பிக்கோங்க" என்று சொல்லாமல் டார்ச்சை அழுத்துவதில்லை.

இப்போது வண்டி. பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். சீட், கார்ப்பெட், தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு கீழே படுத்துப் பாருங்கள். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் பின்னாலிருந்து முன்னால் தரைக்கு அடியில்தான் ஓடும். நீங்கள் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவை இருந்தால் கழற்றாமல் வேலை தொடங்கக்கூடாது, அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டேங்க் பக்கம் போகவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கப் பிரேக் கிளீனர் ஸ்பிரே எடுக்காதீர்கள். அதில் குளோரின் சேர்ந்த வகை ஆர்க் வெளிச்சம் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு ஆகும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டாலே போதும்.

துரு எதுவரை போயிருக்கிறது என்பதைக் கண் சொல்லாது, காது சொல்லும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு "டங்" என்று பதில் சொல்லும், அரித்த தகடு "தொப்" என்னும். தொப்பிலிருந்து டங்குக்கு மாறும் இடத்துக்கும் ஓர் அங்குலம் வெளியே சாக்பீஸால் கோடு போடுங்கள். என் ஓட்டை கட்டைவிரல் அளவுதான், வெட்டி எடுத்தது உள்ளங்கை அளவு. மனசு கேட்காமல் குறைத்து வெட்டினால், பற்றவைக்கும் இடத்தில் இருப்பது தகடாக இருக்காது, பெயிண்டும் துருவுமாகத்தான் இருக்கும். மூலைகளைக் கூராக வெட்டாமல் வளைவாக வெட்டுங்கள், கூர்மூலையில் பின்னால் விரிசல் வரும்.

அளவெடுக்கப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல பொருள் கிடையாது. கெட்டியான அட்டை, மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும். தரையின் மேடு பள்ளத்தோடு அதை அழுத்தி மடித்து, சுற்றிலும் 15 மில்லி கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு அதைத் தகட்டில் வைத்து வரையலாம். தகடு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத வெறும் எஃகுத் தகடு), கிட்டத்தட்ட 0.9 மில்லி. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம். ஒரு கடையில் சி.ஆர். கேட்டு நான் வாங்கி வந்த துண்டு உண்மையில் துத்தநாகம் பூசியது. தொட்டவுடன் வெள்ளைப் புகை எழும்பியது. நான் அதைப் பொருட்படுத்தாமல் செய்து முடித்தேன். அன்று இரவு குளிர்க் காய்ச்சல் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கியது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதோ ஏறக்குறைய 1,500 டிகிரியில். அதனால் அந்தப் புகை வராமல் பற்றவைக்கவே முடியாது. தகட்டின் மேல் பூப்பூவாக மினுமினுப்புத் தெரிந்தால் அது ஜி.ஐ.

காரைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் துண்டுத் தகட்டில் பழகுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பழைய பீரோக் கதவு, தடிமனும் ஏறக்குறைய அதேதான். பெயிண்டைச் சுரண்டிவிட்டு அதில் இருநூறு பொட்டுக்கு மேல் வைத்திருப்பேன். மெஷினில் வோல்ட்டேஜ் 14, 15 அளவிலும், வயர் வேகத்தைக் குறைத்தும் ஆரம்பியுங்கள். மெஷினுக்கு மெஷின் இது மாறும். வயர் வேகம் கூடினால் வயர் தகட்டில் குத்தி டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளும், கையிலேயே அது தெரியும். குறைந்தால் வயர் டார்ச் முனையிலுள்ள டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே பென்சிலால் மெஷினில் கோடு போட்டு வைத்துவிட்டேன். டிப்பிலிருந்து வயர் 8, 10 மில்லிக்கு மேல் நீளாமல் வெட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் தொடங்குங்கள்.

எங்கள் தெருமுனையில் முப்பது வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கார்பைடு டப்பா வைத்துக் கேஸ் வெல்டிங் செய்த காலத்து ஆள். என் பீரோத் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அலை அலையாக நெளிந்திருந்தது. "ஏ தம்பி, கோடு இழுக்காத. பொட்டு வையி. வச்சிட்டு அதை விட்டுத் தள்ளிப் போ" என்றார். இந்த வேலை முழுவதும் அந்த மூன்று வார்த்தையில் அடங்கிவிட்டது.

பொட்டு வைப்பது இப்படித்தான். டார்ச்சைத் தகட்டுக்கு ஏறக்குறைய நேராகப் பிடித்து, விசையை அழுத்தி, மனசுக்குள் "ஒண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் விட்டுவிட வேண்டும். அரை விநாடி, மிஞ்சினால் ஒரு விநாடி. விட்ட உடனே ஹெல்மெட்டைத் தூக்காமல் பாருங்கள்: ஆரஞ்சாக ஒளிரும் சொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மங்கி, நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். ஆறிய பிறகு தகட்டைத் திருப்புங்கள். பின்பக்கம் நீல வளையத்துக்கு நடுவே கடுகளவு முண்டு தெரிந்தால் உருகல் மறுபக்கம்வரை போயிருக்கிறது. வளையம் மட்டும் இருந்து முண்டு இல்லையென்றால் பொட்டு மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் இரண்டு துண்டுத் தகட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பொட்டு வைத்து, ஆறியதும் பிளையரால் பிடித்துப் பிய்த்துப் பாருங்கள். தகடு கிழிய வேண்டும், பொட்டு கழன்று வரக்கூடாது. என் கையில் தொடர்ந்து பத்துப் பொட்டு அப்படிக் கிழிந்த அன்றுதான் காரின் பக்கம் போனேன்.

தரைக்கு ஒட்டுத்தகட்டைப் பழைய தகட்டின் மேல் ஏற்றிப் போடுவதே புதியவருக்கு நல்லது. விளிம்போடு விளிம்பு சேர்ப்பது வெளிப்புறத் தகட்டுக்கு வேண்டியது, அது அடுத்த பாடம். ஏறும் இடம் முழுவதும் இரு தகட்டையும் வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, இடையில் துத்தநாக ஸ்பிரே பிரைமரை மெல்லிசாக அடியுங்கள். ஒட்டுத்தகட்டின் ஓரத்தில் 30 மில்லிக்கு ஒன்றாக 6 மில்லி ஓட்டை போட்டுக்கொண்டால் வேலை இன்னும் சுலபம். ஓட்டைக்குள் தெரியும் கீழ்த்தகட்டின் நடுவில் ஆர்க்கைத் தொடங்கிச் சுற்றி வந்து நிரப்பினால், கார் கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டு மாதிரியே பிடிக்கும். ஓட்டைக்குள்ளும் பற்றவைக்கும் விளிம்பிலும் பிரைமரைக் கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புகையும், துளையும் விழும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, புகைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாமல் உட்காருங்கள். இரண்டு தகட்டுக்கும் இடையே இடைவெளி இருக்கவே கூடாது. இடைவெளி இருந்தால் மேல்தகடு தனியாகச் சூடேறிப் பின்வாங்கி ஓட்டையாகிவிடும். நான் நாலு சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டு, கடைசியில் அவற்றைக் கழற்றி அந்தத் துளைகளையும் அடைத்தேன். எர்த் கிளாம்பை வீலிலோ பம்பரிலோ மாட்டாதீர்கள். பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு முழம் பக்கத்தில், தேய்த்த தகட்டில் மாட்டுங்கள்.

வேலைக்குக் காலை ஆறு மணி நல்ல நேரம். கடற்காற்று கிளம்பிவிட்டால் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், பொட்டு தேன்கூடு மாதிரி துளைத் துளையாக விழும். ஆடிக் காற்றில் நான் மெஷினையே எடுப்பதில்லை. வேர்க்கிறதே என்று ஃபேன் போட்டாலும் இதே கதிதான்.

நாலு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு. பிறகு எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று. பிறகு அவற்றுக்கு நடுவில். எப்போதும் போன பொட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப்போக முடியுமோ அவ்வளவு தள்ளி. ஒரு சுற்று முடிந்ததும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். புறங்கையைத் தகட்டின் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தொட்டுப் பாருங்கள். தாங்க முடிந்தால்தான் அடுத்த சுற்று. உள்ளங்கையளவு ஒட்டுக்கு எனக்கு இரண்டு காலைப்பொழுது ஆனது, அதில் ஆர்க் எரிந்த நேரம் மொத்தமே சில நிமிடங்கள்தான். ஈரத்துணி போட்டு அவசரமாக ஆற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. தானாக ஆறியபோதுதான் தகடு நெளியாமல் வந்தது.

ஓட்டை விழுந்துவிட்டால் உடனே அடைக்கப் போகாதீர்கள். சூடாக இருக்கும் விளிம்பு மேலும் மேலும் உருகி ஓடும். முழுக்க ஆறவிடுங்கள். பின்னால் தாமிரத் துண்டை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவரும் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டிருக்க வேண்டும். ஓட்டையின் ஓரத்தில் ஒரு பொட்டு, ஆறியதும் அதன்மேல் பாதி ஏறினாற்போல் இன்னொன்று. அப்படியே ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யாதீர்கள். என் தங்கை மகன் வாளி நிறைய மணலோடும் தீயணைப்பானோடும் வெளியே உட்கார்ந்திருந்தான். மூன்றாவது சுற்றில் "மாமா, நிறுத்துங்க! அடியில பொகையுது!" என்று கத்தினான். ஹெல்மெட்டுக்குள் இருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை. தரைக்கு அடியில் பூசியிருந்த பழைய தார் தீப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மணலை வீசி அணைத்தான். அதன் பிறகு பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி அடிப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்குத் தாரைச் சுரண்டி எடுத்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். கனிந்துகொண்டிருக்கும் துணியோ ரப்பரோ அந்த நேரத்தில்தான் பற்றும்.

கிரைண்டர் பிடிக்கும்போதும் பொட்டு வைப்பதுபோலத்தான்: இங்கே இரண்டு விநாடி, அங்கே இரண்டு விநாடி. ஃபிளாப் டிஸ்க்கால் முண்டை மட்டும் எடுங்கள், சுற்றியுள்ள தகட்டைத் தொடாதீர்கள். 0.8 மில்லியில் தேய்க்க மிச்சம் ஒன்றும் இல்லை.

அன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, உள்ளே குனிந்து பார்த்தேன். ஒட்டின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரம். எண்ணினால் பதினொன்று. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டு, மறுநாள் காலையில் ஒரு பொட்டு வீதம் அடைத்தேன். இரவு மறுபடி பார்த்தபோது இருட்டு.

பூச்சு வேலை சுலபம். எபாக்ஸி பிரைமர் மேலும் கீழும், காய்ந்ததும் விளிம்பைச் சுற்றி இடுக்கை அடைக்கும் சீம் சீலர், அடிப்பக்கம் அண்டர்கோட். தரையில் பட்டி பூசாதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த துரு அதற்கு அடியில்தான் ஆரம்பிக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் கார்ப்பெட்டைப் போடவும் வேண்டாம். என் வண்டியில் முன்கண்ணாடியின் ரப்பர் பீடிங் காய்ந்து, மழைத்தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து இறங்கியிருந்தது. புது பீடிங் போட்டேன். கார்ப்பெட்டுக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை அதை எடுத்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் தாளில் வரைபடம் மாதிரித் தெரியும். எந்த ஓரத்திலிருந்து அது தொடங்குகிறதோ அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.